தெரியுமா? ஒரு ஜோடி ஷூ உயிரைக் காப்பாற்றியது!

பங்களா வீட்டுப் பையன் கொன்சாலோ. குடிசையிலிருந்து வரும் பெத்ரோ மச்சூக்கா. இருவருக்கும் ஒரே வகுப்பு. ஊர் சாந்தியாகோ, ஆண்டு 1973. 2004இல் வந்த ‘மச்சூக்கா’ என்ற சிலி நாட்டுப் படம் வெறும் பள்ளிக்கூட நட்புக் கதை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்!

அந்தப் பள்ளிக்கூடம் கற்பனையே இல்லை, தெரியுமா? பணக்காரப் பிள்ளைகள் படித்த செயின்ட் ஜார்ஜ் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளையும் கொண்டுவந்து உட்காரவைத்தவர், ஜெரார்டோ வீலன் என்ற அமெரிக்கப் பாதிரியார். இயக்குநர் ஆந்த்ரேஸ் வூட் அங்கே படித்த பொடியன்! படத்தையே அந்த ஃபாதருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

மில்க்மெய்டு டப்பாவை வைத்து ஒரு காதல் காட்சி எடுக்க முடியுமா? எடுத்திருக்கிறார்களே! கடைகளில் பொருள் கிடைக்காத காலம். சில்வானா என்ற குடிசைப் பெண் கெட்டிப் பாலை உறிஞ்சிக்கொண்டே இரண்டு பையன்களுக்கும் முத்தமிடச் சொல்லித்தருகிறாள். இதே சிலியில்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர் பால் என்று அதிபர் அயெந்தே வாக்குக் கொடுத்திருந்தார்.

கொடி விற்கிற வேடிக்கையைக் கேளுங்கள். இடதுசாரி ஊர்வலமா, அதற்கொரு கொடி. வலதுசாரி ஊர்வலமா, அதற்கும் ஒரு கொடி. இரண்டையும் விற்பது இதே பிள்ளைகள்! வயிற்றுக்கு ஏது கட்சி?

செப்டம்பர் 11. அதிபர் மாளிகைமீது ஹாக்கர் ஹன்டர் விமானங்கள் குண்டு போடுகின்றன. அயெந்தே மாண்டுபோகிறார், அவரைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சி 1990 வரை நீள்கிறது. அந்த விமான இன்ஜின்கள் பழுதுபார்க்க ஸ்காட்லாந்துக்குப் போனபோது, 1974இல், ஈஸ்ட் கில்பிரைடு ரோல்ஸ் ராய்ஸ் தொழிலாளர்கள் தொடவே மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள் என்பது தெரியுமா? இன்ஜின்கள் வெட்டவெளியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன!

படத்துக்கு வருவோம். பள்ளியை ராணுவம் பிடித்துக்கொள்கிறது. வீலனின் சாயலில் படத்தில் வரும் ஃபாதர், விரட்டப்பட்ட பின் சிற்றாலயத்துக்குத் திரும்பி வந்து, நற்கருணை அப்பங்களை ஒவ்வொன்றாகத் தானே தின்று தீர்க்கிறார். இனி இது கடவுளின் வீடு இல்லையாம்! வசனம் அதிகமில்லை. எனக்கு முதுகு சில்லிட்ட இடம் அது.

அப்புறம் அந்த ஷூ. சிப்பாய்கள் குடிசைகளுக்குள் புகுகிறார்கள். சில்வானா சுடப்பட்டுச் சாகிறாள். கொன்சாலோவையும் ஒரு சிப்பாய் பிடித்துத் தள்ள, “நான் இந்த இடத்துப் பையன் இல்லை, என்னைப் பாருங்கள்!” என்று கதறுகிறான். சிப்பாய் பார்க்கிறான். வெள்ளைத் தோல், காலில் அடிடாஸ். போகச் சொல்லிவிடுகிறான்! இதையெல்லாம் பெத்ரோ பார்த்துக்கொண்டே நிற்கிறான். கொன்சாலோ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இருந்தும் நட்பு அங்கேயே முடிந்துபோகிறது.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள்! சில்வானாவாக நடித்த மானுவேலா மார்த்தெல்லி வளர்ந்து இயக்குநராகி, 2022இல் ‘1976’ என்ற படத்தை எடுத்தார். அதுவும் பினோசே காலத்துக் கதைதான். கதாநாயகி யார் தெரியுமா? ‘மச்சூக்கா’வில் கொன்சாலோவின் அம்மாவாக, அயெந்தேவை எதிர்க்கும் சீமாட்டியாக வந்த அதே அலீன் கூப்பன்ஹைம்! இந்த முறை அவர், ராணுவத்துக்குப் பயந்து பதுங்கியிருக்கும் இளைஞனின் காயத்துக்கு மருந்து போடுகிறார். அவரை அந்த வேலையில் இறக்கிவிடுவது யார் என்கிறீர்கள்? அங்கேயும் ஒரு பாதிரியார்தான்!