டானிக் பாட்டிலைத் திறக்குமுன்...

குழந்தை இளைத்துப் போனால் நம் கை முதலில் போவது டானிக் பாட்டிலுக்குத்தான். ஆனால் அந்தக் குழந்தை லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய்க்காக மருந்து சாப்பிடுகிற குழந்தையாக இருந்தால்? முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? “பாவம்டீ, பிள்ளை துரும்பா இளைச்சுட்டானே! நல்ல வைட்டமின் மருந்தா ரெண்டு பாட்டில் வாங்கிக் கொடேன்” என்பார்கள். சொல்வதெல்லாம் அன்பினால்தான். இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். காரணம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை கேட்க வேண்டும்.

கீரையில் பிறந்த மருந்து

1928-ல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேய லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளுக்கு வரும் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தவர், ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் அது குணமாவதைக் கண்டார். அதில் இருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின். 1941-ல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள்.

ரத்தம் ஊற உதவுகிற வைட்டமின் லுகேமியாவுக்கும் உதவாதா? பாஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். நடந்தது நேர் எதிர். நோய் இன்னும் வேகம் பிடித்தது போலிருந்தது! அப்படியானால் அந்த வைட்டமினைத் தடுத்தால் என்ன என்று யோசித்தார். தடுக்கும் மருந்தைத் தயாரித்துத் தந்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. ஆந்திரத்து பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். அமினோப்டெரின் என்ற அந்த மருந்து, 1948-ல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோயைத் தணித்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் லுகேமியா சிகிச்சையில் முக்கியமான மருந்து.

இப்போது புரிகிறதல்லவா? ஃபோலிக் அமிலம் கிடைக்காமல் நோய் அணுக்களைப் பட்டினி போடுகிறது மருந்து. பல சத்து மாத்திரைகளிலும் டானிக்குகளிலும் இருப்பது அதே ஃபோலிக் அமிலம். ஒரு கையால் பூட்டி, மறு கையால் திறந்து விடலாமா?

வாய்ப்புண் ஏன் வருகிறது?

வாயின் உள்தோலும் குடலின் உள்தோலும் சீக்கிரம் சீக்கிரம் புதுப்பிக்கப்படுபவை. நோய் அணுக்களோடு சேர்ந்து அவற்றுக்கும் அடி விழுகிறது. மெத்தோட்ரெக்ஸேட்டை அதிக அளவில் ஏற்றும்போது, டாக்டர்களே லூகோவோரின் என்ற ஃபோலிக் அமில வகையை மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். எப்போது, எவ்வளவு என்ற கணக்கு அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

“அப்போ கீரையே கொடுக்கக் கூடாதா?” என்று பயந்துவிடாதீர்கள். சாப்பாட்டில் இயல்பாக இருக்கும் அளவுக்குத் தடையில்லை. நன்றாக அலசி வேகவைத்த கீரை, பருப்பு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம்.

சாப்பாட்டு வைட்டமின்

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆராய்ச்சி 2004-ல் வெளியானது. லுகேமியா சிகிச்சையில் இருந்த 103 குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று 6 மாதம் கவனித்தார்கள். சாப்பாட்டில் வைட்டமின் சி கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்கு மருந்தின் உபாதைகளும் ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களும் குறைவாக இருந்தன. வைட்டமின் ஈ கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்குத் தொற்றுநோய் குறைவு. நன்றாகச் சாப்பிட முடிந்ததே உடம்பு தேறியிருந்ததால் கூட இருக்கலாம். ஆகவே இது மாத்திரை வாங்கித் தரச் சொல்லும் சிபாரிசு அல்ல. ஆனால் தட்டிலுள்ள சாப்பாட்டை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இது போதும்.

வாய் புண்ணாக இருக்கும் நாட்களில் காரம், புளிப்பு, முறுகல் வேண்டாம். குழைந்த பொங்கல், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, வேகவைத்து மசித்த காரட், பருப்பு சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள். புண் ஆறியதும் நன்றாகக் கழுவி, தோலுரித்த சாத்துக்குடி தரலாம். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும்போது பச்சைக் காய்கறியும் கடையில் வெட்டி வைத்த பழமும் ஆகாது.

வைட்டமின் டி விஷயம் தனி. ஸ்டீராய்டு மருந்து எலும்பை இளைக்க வைக்கும். குழந்தையும் வெயில் படாமல் உள்ளேயே கிடக்கும். ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் டாக்டரே எழுதித் தருவார். நாமாகக் கொடுத்து அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

கால் மரத்துப் போகிறது, நடை தடுமாறுகிறது, மலம் இறுகிவிட்டது என்றால் “சத்துக் குறைவு” என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். வின்கிரிஸ்டின் ஊசியின் விளைவாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஜுரம் அடித்தால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

நோய்க்கு இரண்டு மூன்று வருஷம் சிகிச்சை தேவைப்படும். ஆனால் வசதியுள்ள நாடுகளில் இன்று 100-க்கு சுமார் 90 குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது வீட்டிலுள்ள டானிக், லேகியம், சத்து மாவு டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் காட்டுங்கள். “இது வேண்டாம், இது சரி” என்று டாக்டர் பிரித்துக் கொடுத்துவிடுவார். கூச்சப்படவே வேண்டாம்.