கேள்விக்குறியாகிப் போன பெயர்கள்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. இங்கே நம்ம பெரியவங்க பெயரைத் தமிழில் காப்பது நம் பொறுப்பு. ஆனால் சங்கப் பட்டியலைக் கணினியில் ஏற்றினால் சிலசமயம் எல்லாப் பெயரும் '????' ஆகிவிடும். கையேடு விளங்காது, கேட்கவும் ஆளில்லை.

காரணம் எளிது. 2018-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகள், நாம் மாற்றாதவரை லத்தீன் எழுத்துகளையே எதிர்பார்த்தன. அட்டவணை, இணைப்பு இரண்டையும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே ஏற்றிய பெயர் பிழைக்குமா? 'ஹெக்ஸ்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். 'ஈ0' என்று தொடங்கினால் பெயர் பத்திரம். காட்டும் இணைப்பில்தான் கோளாறு. '3எஃப்' என்றே வரிசையாக வந்தால் எழுத்து போனது போனதுதான். அதனால், பழைய பேரேட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!