மாத்திரை என்னும் விலங்கு

"விழுங்கு!"

"எதற்கு?"

"விழுங்கு என்றால் விழுங்கு! வாயைத் திற! நாக்கைத் தூக்கு! சரி, போ! அடுத்த ஆள்!"

சிறைச்சாலைக் காட்சி என்று எண்ணுகிறீர்களா, தோழர்களே? அல்ல. போர்க்கைதிகளை அடைத்து வைத்த கொட்டடியோ? அதுவுமல்ல. பள்ளிக்கூடம்! ஆம், பள்ளிக்கூடம் என்று பலகை மாட்டிய இடம். உலகத்துக்கே உரிமைப் பாடம் நடத்தும் அமெரிக்கப் பெருநாட்டில், வழி தவறிய பிள்ளைகளை வழிக்குக் கொண்டு வருகிறோம், மனநோய் தீர்க்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்து நடத்தப்படும் 'சிகிச்சை உறைவிடப் பள்ளி'கள். அங்கே இருந்து மீண்டு வந்தவர்கள் சொல்வதைக் காட்சியாக்கினால் இப்படித்தான் இருக்கும். காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. சிறு காகிதக் குவளையில் வண்ண வண்ண மாத்திரைகள். என்ன மருந்து? சொல்லமாட்டார்கள். எந்த நோய்க்கு? கேட்கக்கூடாது. கேட்டால்? கேட்டதே நோயின் அறிகுறி என்று ஏட்டில் எழுதப்படும்!

யார் இந்தப் பிள்ளைகள்? பதின்மூன்று, பதினான்கு, பதினேழு வயதுச் சிறுவர் சிறுமியர். பள்ளிக்கு மட்டம் போட்டவன், பெற்றோரை எதிர்த்துப் பேசியவள், மது தொட்டவன், மனம் சோர்ந்து படுத்தவள். சிலரைப் பெற்றோரே காசு கட்டி அனுப்புகிறார்கள். நள்ளிரவில் கூலியாட்கள் வந்து, படுக்கையிலிருந்து எழுப்பி, வண்டியிலேற்றிக் கொண்டு போவதுண்டு. வேறு சிலர் தாயுமற்று, தந்தையுமற்று, சர்க்காரின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள். அவர்களுக்கான கட்டணம் பொதுப் பணத்திலிருந்து, நாள் கணக்கில், தலைக்கு இவ்வளவு என்று போகிறது. அமெரிக்கத் தொழிலாளி செலுத்தும் வரிப்பணம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வரும் கொடுமை என்றும் எண்ணிவிட வேண்டாம். மாளிகைக்கும் வந்தது. ஓட்டல் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஹில்டன் குடும்பத்துப் பெண் பாரிஸ் ஹில்டன், 1990களின் இறுதியில் யூட்டா மாநிலத்தில் உள்ள புரோவோ கான்யன் பள்ளியில் பதினொரு மாதம் அடைக்கப்பட்டிருந்தார். என்னவென்றே சொல்லாமல் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன, அவற்றால் உடலும் உள்ளமும் மரத்துப் போயின என்று 2020இல் உலகறியச் சொன்னார். 2021இல் யூட்டா மன்றத்தின் முன் நின்று சாட்சியமும் சொன்னார். 2000இல் பள்ளி கைமாறிவிட்டது, அதற்கு முன் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள் இப்போதைய உடைமையாளர்கள். இருக்கலாம். ஆனால் கோடீசுவரன் வீட்டுப் பெண்ணே இருபதாண்டுகள் வாய் திறக்க முடியவில்லை என்றால், குரலற்றவன் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

மருந்து என்றாலே நாம் பகைப்பவர்கள் அல்ல. நன்றாகக் கேளுங்கள்! பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்த காலத்தை எதிர்த்து, அது பேயல்ல, நோய். அதற்கு மந்திரமல்ல, மருந்து என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். மனம் உடைந்தவனுக்கு மாத்திரை மறுவாழ்வு தரும். இழுப்பு நோய்க்காரனுக்கு அது உயிர்க்காப்பு. நீரிழிவுக் குழந்தைக்கு இன்சுலின் சோற்றுக்கும் மேலானது. ஆகவே நாம் கேட்பது, மருந்து ஏன் என்றல்ல. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த வழியில் என்பதே. மருத்துவமனைத் தாதிக்கு முதல் பாடமாகச் சொல்லித் தரப்படும் ஐந்து கேள்விகள் இவை. இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் அமுதம் நஞ்சாகும்.

எப்படி நஞ்சாகும்? லித்தியம் என்றொரு மருந்து. மனக்கொந்தளிப்பை அடக்க வல்லது. ஆனால் அதை உண்பவனுக்கு அவ்வப்போது இரத்தம் எடுத்து அளவு பார்த்தாக வேண்டும். வெயிலில் ஓடவிட்டு, தண்ணீரைக் குறைத்தால் அதே அளவு மருந்து உடலில் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். ரிஸ்பெரிடோன், ஓலன்சபைன், குவெட்டியபைன் என்று மனச்சிதைவுக்கான மருந்துகள் உண்டு. துறுதுறுவென்றிருக்கும் பிள்ளையை அடக்க அவற்றைக் கொடுத்தால், அடங்கும். கூடவே உடல் பெருக்கும், சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும். தூக்கத்துக்குத் தரும் சில மருந்துகளை நெடுநாள் கொடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும். மனச்சோர்வு மருந்து சில இளையோருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே கருங்கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. எச்சரிக்கை எதற்கு? கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்து என்பதற்கா? இல்லை, கொடுத்துவிட்டு அருகில் இருந்து கவனி என்பதற்கு!

வேண்டாதவனுக்குத் திணிப்பு என்பது ஒரு பக்கம். வேண்டியவனுக்கு மறுப்பு என்பது மறுபக்கம்.

1994ஆம் ஆண்டு. யூட்டா மாநிலத்துப் பாலைவெளி. சீர்திருத்த முகாமில் 16 வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். நாளுக்கு நாள் இளைக்கிறான். 'நடிக்கிறான்' என்கிறார்கள் காவலர்கள். குடற்புண் வெடித்து, வயிற்றறை முழுவதும் அழற்சி பரவி, மாண்டு போனான்.

2022ஆம் ஆண்டு டிசம்பர். அதே யூட்டா மாநிலம். உறைவிடப் பள்ளியில் 17 வயதுப் பெண். வயிற்று வலி, வாந்தி. தண்ணீர் குடி, ஆஸ்பிரின் போட்டுக்கொள் என்றார்கள், நடிப்பென்று நினைத்தார்கள் என்பது தந்தை தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு. வயிற்றினுள் கிருமி பரவி அவளும் மாண்டாள். அடுத்த ஆண்டு மாநில அரசு அந்தப் பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, பள்ளி மூடப்பட்டது.

இரண்டுக்கும் இடையே 28 ஆண்டுகள்! அந்த நாட்டான் அதற்குள் செவ்வாய்க் கிரகத்தில் வண்டி ஓட்டினான். கைக்குள் அடங்கும் கருவியில் உலகையே அடக்கினான். ஆனால் 'வயிறு வலிக்கிறது' என்று அழும் பிள்ளையின் சொல்லை நம்ப மட்டும் கற்றுக்கொள்ளவில்லை!

இன்னொன்று கேளுங்கள். எல்லை கடந்து வந்த அகதிப் பிள்ளைகள், அமெரிக்க அரசின் காவலில் இருந்தவர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஷைலோ என்ற சிகிச்சை விடுதியில் வைக்கப்பட்டார்கள். மனநல மருந்துகள் கொடுக்கப்பட்டன. வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிள்ளைகள் வாக்குமூலம் தந்தார்கள். 2018 ஜூலையில் கூட்டாட்சி நீதிபதி டாலி ஜீ ஆணையிட்டார்: பெற்றோரின் ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல், அவசர நிலை தவிர, இந்த மருந்துகளைக் கொடுக்கக்கூடாது! தாய்க்குத் தெரியாமல் மகனுக்கு மருந்து கொடுக்காதே என்று சொல்ல ஒரு நாட்டுக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது!

அங்கொன்றும் இங்கொன்றும் நடந்த தவறு என்று அலட்சியமாகத் தள்ளிவிடலாமா? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் அலுவலகம் 2011இல் ஓர் அறிக்கை தந்தது. ஐந்து மாநிலங்களில் 2008ஆம் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. சர்க்கார் மருத்துவ உதவி பெறும் மற்ற பிள்ளைகளைவிட, சர்க்கார் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு மனநல மருந்து எழுதப்படுவது 2.7 முதல் 4.5 மடங்கு அதிகம் என்று கண்டது. ஒரே பிள்ளைக்கு ஒரே நேரத்தில் ஐந்தும் அதற்கு மேலும் மருந்துகள் தரப்பட்டிருந்தன. அப்படிக் கொடுக்க மருத்துவ நூலில் ஆதாரமில்லை என்றும் சொன்னது. கேட்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் மாத்திரை மிகுதி! இதை நோயின் கணக்கு என்பதா, நாதியின்மையின் கணக்கு என்பதா?

ஏன் நடக்கிறது? இங்கேதான், ஆலையிலும் பட்டறையிலும் வியர்வை சிந்தும் தோழர்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டும். 2024 ஜூனில் செனட் சபையின் நிதிக்குழு, ரான் வைடன் தலைமையில், நான்கு பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதற்குச் சூட்டிய பெயரே 'புறக்கணிப்பின் கிடங்குகள்'! படுக்கைகளை நிரப்பு, ஆட்களைக் குறை, இலாபத்தைப் பெருக்கு. இதுதான் தொழில்முறை, பிள்ளைகள் படும் துன்பம் தற்செயல் அல்ல, இந்தத் தொழில்முறையின் விளைவு என்பது அந்த அறிக்கையின் சாரம். மறுப்புத் தெரிவித்த நிறுவனமும் உண்டு. மறுக்கட்டும். ஆனால் கணக்கு எளிது. பத்துப் பிள்ளைகளோடு பேசி, அழுகையைத் துடைத்து, ஆத்திரத்தைத் தணிக்க நாலு பேர் வேண்டும். நாலு பேருக்குச் சம்பளம் வேண்டும். பத்துப் பேரையும் தூங்க வைக்க ஒரு ஊசியும் ஒரு ஆளும் போதும். ஆள் கூலியைவிட மாத்திரை மலிவு! முதலாளித்துவத்தின் மருத்துவ நூலில் முதல் சூத்திரம் இது.

அந்த இரவு நேரத்துப் பணியாளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கை கழுவமாட்டோம். குறைந்த கூலி, நீண்ட நேரம், சில நாள் பயிற்சி, கையில் ஒரு சாவிக் கொத்து, எதிரே இருபது பிள்ளைகள், இருபது பெயரில் மாத்திரை உறைகள். ஒருவன் உறை மற்றவனுக்குப் போனால் வியப்பென்ன? ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும், பதிவேடு வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்கவேண்டும். இரும்புக் கொதிகலனுக்கு இத்தனை காவல்! இளங்குருத்தின் இரத்தத்தில் கலக்கும் மருந்துக்குக் காவல் இல்லையா?

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு, ஓட்டையோடு! அடக்குவதற்காக மருந்து தருவதை 'வேண்டும்போது கொடு' என்று முன்கூட்டியே எழுதி வைக்கக்கூடாது என்ற கூட்டாட்சி விதி, அரசு மருத்துவ உதவிப் பணம் பெறும் மனநல விடுதிகளுக்கு 2001 முதல் இருக்கிறது. ஆனால் தனியார் பணத்தில் நடக்கும் பள்ளிகள்? அவை மாநிலத்தின் கையில். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மிசூரி மாநிலத்திலோ, மதத்தின் பெயரால் நடக்கும் விடுதிக்கு உரிமமே தேவையில்லை என்று விலக்கு! கல்வித் துறை கேட்டால் 'நாங்கள் சிகிச்சை இல்லம்'. நலத்துறை கேட்டால் 'நாங்கள் பள்ளி'. இருவரும் சேர்ந்து கேட்டால் 'நாங்கள் ஆண்டவனின் ஆலயம்'! மூன்று முகமூடி, ஒரே கல்லாப்பெட்டி!

போராட்டம் வீண் போகவில்லை. 2021இல் யூட்டா சட்டம் செய்தது: அனுமதியின்றி மருந்தூட்டி மயக்கக்கூடாது, ஆண்டுக்கு நான்கு முறை ஆய்வு, வாரந்தோறும் பிள்ளை தன் குடும்பத்தாரோடு ஒட்டுக்கேட்பார் இன்றிப் பேச உரிமை. 2024 டிசம்பரில் நாடு தழுவிய சட்டம் ஒன்றிலும் குடியரசுத் தலைவர் பைடன் கையெழுத்திட்டார். அது இந்த விடுதிகளை நெடுங்காலம் ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ஆராயச் சொல்கிறதே தவிர, கதவைத் திறக்கச் சொல்லவில்லை. விளக்கு ஏற்றியாயிற்று, விலங்கு உடைபடவில்லை.

எல்லாவற்றையும்விட வாரம் ஒரு முறை வீட்டோடு பேசும் அந்த உரிமையையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில், 'அம்மா, இந்த மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது' என்ற ஒரு சொல், பத்து ஆய்வாளர்களின் பார்வைக்குச் சமம். பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள், மாத்திரை போயிற்றா என்று பார்க்க. வாயை அதற்கு மட்டுமா படைத்துக்கொண்டோம்? பேசவும் அல்லவா!

'நம்பு, கேட்காதே, விழுங்கு' என்பது பூசாரியின் மொழி. அதையே வெள்ளை அங்கி அணிந்து ஒருவன் சொன்னால் அது அறிவியல் ஆகிவிடாது. ஏன் என்று கேட்க இடம் தருவதுதான் அறிவியல். கேட்க இடமில்லாத இடத்தில் மாத்திரையும் விபூதிதான், மருத்துவனும் மந்திரவாதிதான்.

கடல் கடந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எவரேனும் கேட்டால், தோழர்களே, இப்படிச் சொல்லுங்கள்: அழும் பிள்ளைக்கு நாடு கிடையாது. பூட்டிய கதவு எங்கே இருந்தாலும் அதைத் தட்டுவது நம் கடமை. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள், யார் எழுதிக் கொடுத்தது, ஏடு எங்கே, காட்டு என்று கேட்போம். பதில் வரும் வரை கேட்போம். அந்தப் பிள்ளையின் உதட்டில் முடங்கிப் போன 'எதற்கு?' என்ற ஒற்றைச் சொல்லை, அவன் சார்பில் ஊரறிய ஒலிப்போம்.