புது மடிக்கணினிக்கு முதல் நாள் வேலை

மாணவர்களே, வீட்டுக்குப் புது மடிக்கணினி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பலர் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்குவார்கள். நான் சொல்லப்போகும் வேலைக்கு ஒரு மணி நேரமும் 32 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றும் போதும். அதைச் செய்யாததால் என் மாணவி ஒருத்தி ஆறு வார உழைப்பை இழந்தாள்.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அவள். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அன்னாசிச் சாறு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று நாள்தோறும் அளந்து கணினியில் அட்டவணை போட்டு வந்தாள். ஒரு நாள் காலை, புதுப்பிப்பு முடிந்து கணினி எழுந்தபோது திரையில் நீல நிறம். 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது.

என்ன நடந்தது தெரியுமா? புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே பூட்டப்படுகிறது. கணினி திருடு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறோமோ அந்தக் கணக்கில் சாவி போய் உட்காரும். இவர்கள் வீட்டில் நுழைந்தது கடைக்காரரின் கணக்கு! உதவி செய்வதாக நினைத்துத் தம் மின்னஞ்சலைப் போட்டுத் தயார் செய்து கொடுத்திருக்கிறார். அவருக்கு இப்போது கடவுச்சொல் நினைவில்லை.

கடைசியில் கணினியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினோம். கணினி புதிதுபோல் எழுந்தது. அட்டவணைகள் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது வேறு, உங்கள் கோப்புகளை மீட்பது வேறு. முன்னது இயங்குதளத்தை மட்டும் கொண்டுவரும். நீங்கள் எழுதியதையும் எடுத்த படங்களையும் அது ஒருபோதும் கொண்டுவராது, பெரும்பாலும் அழித்துவிடும்.

சரி, அந்த இயங்குதளம் எங்கிருந்து வருகிறது? கணினியின் சேமிப்பகத்திலேயே மறைவான மீட்புப் பகுதி ஒன்று உண்டு. 256 ஜிகாபைட் என்று பெட்டியில் போட்டிருக்கும், கணினி ஏறக்குறைய 238 என்று காட்டும். மீதி 18 அந்த மறைவிடம்தான் என்று என்னிடம் பலர் வாதாடியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளருக்கு ஒரு ஜிகாபைட் என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட். 25,600 கோடியை அதனால் வகுத்தால் 238.4 வரும். எதுவும் காணாமல் போகவில்லை. மீட்புப் பகுதி அந்த 238-க்குள்தான் இருக்கிறது. ஆகவே சேமிப்பகமே செத்துப்போனால் அதுவும் கூடவே போய்விடும். வீட்டுச் சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போவது மாதிரிதான் இது.

அதற்காகத்தான் பென்டிரைவ். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிகவரி டிரைவ்' என்று தட்டுங்கள். கணினிக் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும். தம்பியின் இடுபணி அதில் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள். முடிந்ததும் சோதிக்க வேண்டும். ஷிப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். விசைப்பலகை மொழியைக் கேட்கும் திரை வந்தால் வெற்றி. மேலே போகாமல் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸோடு விற்கப்படும் இன்றைய கணினிகளில் அதன் எண் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும்.

பிறகு அந்த 48 இலக்க எண். உங்கள் வீட்டாரின் சொந்தக் கணக்கில் நுழைந்து, அதை ஒரு தாளில் எழுதுங்கள். ஆம், தாளில்தான்! கணினிக்குள்ளேயே சேமித்தால் பூட்டியபின் எப்படிப் படிப்பீர்கள்?

பென்டிரைவை எங்கே வைப்பது என்பதிலும் அறிவியல் இருக்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ இருந்தால் சிலிக்கான் வில்லை பற்றிக் கேட்டிருப்பீர்கள். பென்டிரைவின் உள்ளேயும் அப்படிப்பட்ட சிலிக்கான் சில்லுதான். அதன் நுண்ணிய அறைகளில் எலக்ட்ரான்கள் மின்காப்புச் சுவர்களுக்கு நடுவே சிறைபட்டிருக்கின்றன. எத்தனை இருக்கின்றன என்பதை வைத்துத்தான் 0, 1 என்று படிக்கப்படுகிறது. சுவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகக் கசியும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் பென்டிரைவைப் போட்டு வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்வதும் நல்லது. அதற்குள் விண்டோஸும் மாறியிருக்கும்.

சொந்தக் கோப்புகளுக்கு, புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய 3-2-1 என்ற கணக்கு உதவும். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடம்' எதற்கு என்று கெடாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூலை 4-ஆம் நாள் பாலிங் கூப்பாங்கில் திடீர் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, மேசைமேல் இருந்த கணினிக்கும் மேசை இழுப்பறையில் இருந்த பென்டிரைவுக்கும் என்ன வேறுபாடு இருந்திருக்கும்? இணைய மேகச் சேமிப்பு இருந்தால் நல்லது. தோட்டத்தில் இணைய அலை சரியாகக் கிடைக்காவிட்டால், சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அத்தை வீட்டு அலமாரியும் வேறு இடம்தான்.

என் மாணவி முதல் இரண்டு வார அளவீடுகளைப் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அவை மட்டும் மிஞ்சின. மற்ற நான்கு வாரத்தையும் திரும்ப அளந்துகொண்டிருக்கிறாள். அன்னாசிச் சாறு இம்முறை வேறு நேரம் காட்டுகிறதாம். காய் பழுத்த அளவுதான் காரணமா என்று நேற்று என்னிடம் கேட்டாள்.