குழாயில் தெரியாத நடை

சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. கொதித்த பிறகும் நீலம் நீலமாகவே இருந்தால் ‘நில்’, அதாவது சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் சிவப்பு வந்துவிட்டால் வீட்டில் எல்லார் முகமும் மாறிவிடும். 1970களில் சர்க்கரை நோயாளி இருந்த, கொஞ்சம் வசதியான வீடுகளில் இதுதான் ஆய்வுக்கூடம். ரத்தத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் குழாயில் ஒரு குறை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 170இல் இருந்தவர் அரை மணி நடந்து 130க்கு வந்தாலும் குழாயில் இரண்டு முறையும் அதே நீலம். சிவப்பு மஞ்சளானால்கூட அது மாத்திரையாலா, சோற்றைக் குறைத்ததாலா, நடந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நடையின் பலன் யார் கண்ணிலும் படவில்லை. மாத்திரையைச் சீட்டில் எழுதிய டாக்டர், ‘கொஞ்சம் நடங்க’ என்பதை வாயால் சொன்னார். எழுதியதை வாங்கிச் சாப்பிட்டார்கள். சொன்னது வாசலைத் தாண்டுவதற்குள் மறந்தது.

விஷயம் தெரியாமல் இல்லை. நீரிழிவுக்காரர் நூறு யோசனை தூரம் நடக்கட்டும், கிணறு வெட்டட்டும் என்று சுசுருத சம்ஹிதையே சொல்கிறது. (கிணறு வெட்டுவதைவிடக் கடுமையான தசைப் பயிற்சியை இன்றைய ஜிம்மும் தந்துவிடாது.) இன்சுலின் வந்த சில வருடங்களிலேயே, 1926இல், உடற்பயிற்சி செய்தால் இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிறது என்று ஆர். டி. லாரன்ஸ் எழுதினார். லண்டன் மருத்துவரான அவரே ஒரு நீரிழிவு நோயாளி. பாஸ்டனில் டாக்டர் ஜாஸ்லின் உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் சேர்த்தே கற்பித்தார்.

நம் ஊரில் அந்தப் பாடம் அன்று அவசரமாகத் தோன்றாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடிபம்பு, ஆட்டுக்கல், பஸ் ஸ்டாப் வரை நடை என்று உடம்பு தானாக உழைத்துக்கொண்டிருந்தது. 1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வில் நகரவாசிகளில் சுமார் 2 சதவீதத்தினருக்குத்தான் நீரிழிவு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேர், அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம். இரண்டும் ஒரே முறையில் எடுத்த கணக்கல்ல, சாப்பாடும் மாறியிருக்கிறது. என்றாலும் மிக்ஸிக்கும் லிஃப்டுக்கும் ஸ்கூட்டருக்கும் இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

நடையின் பலன் எண்களில் தெரிய வந்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்று வருடம் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் பலன் உண்டு. 14 ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வந்த கட்டுரை, உடற்பயிற்சியால் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 0.66 புள்ளி குறைந்தது என்றது. எடை பெரிதாகக் குறையாமலே இது நடந்தது. ‘நடந்தும் இளைக்கவில்லையே’ என்று பாதியில் நிறுத்திவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காரணம் தசையில் இருக்கிறது. தசை சுருங்கும்போது குளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ரத்தத்தின் குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இந்த வழிக்கு இன்சுலின் தேவையில்லை. பயிற்சி முடிந்த பிறகு தசை இன்சுலினுக்கும் நன்றாகக் கட்டுப்படும். இந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும். அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிடம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி கூடாது என்று இன்று அளவு சொல்கிறார்கள். நேரமும் சொல்கிறார்கள். 2016இல் நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடந்ததைவிட மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டியிருப்பவர் இந்த இறக்கத்தைத் தன் போனிலேயே பார்க்கிறார்.

இவ்வளவு தெரிந்தும் நம் பூங்காக்களில் நடப்பது காலை நடை மட்டும்தான், அதற்குப் பிறகு பொங்கல், வடை. 2007இல் கனடாவில் 251 பேரிடம் செய்த ஆய்வில், நடை போன்ற பயிற்சியோடு எடைப் பயிற்சியும் செய்தவர்களுக்கே சர்க்கரை அதிகம் குறைந்தது. நம் அறுபது வயதுக்காரர்களிடம் எடை தூக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதும் தசைப் பயிற்சிதான். ‘வீட்டு வேலையே போதும்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது விறுவிறு நடைக்கு ஈடாகாது.

கூழாங்கல் பதித்த ‘எட்டு’ப் பாதை வேறு இப்போது பிரபலம். எட்டு வடிவத்துக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை, நடைக்குத்தான் பலன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் அதில் வெறுங்காலோடு நடந்தால் காயம் பட்டது மறுநாள்தான் தெரியும். அவருக்கு வேண்டியது எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவருக்கு நடையால் லோ சுகர் வரலாம், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எத்தனை நிமிடம், எந்த வேளைக்குப் பின், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மூன்றையும் கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.