கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வரி

ரயில் நிலையத்தில் காத்து நிற்கும் ஒருவரை இரண்டு நிமிடத்தில் வரைகிறீர்கள். முகச்சாயல் வந்துவிட்டது, சட்டை மடிப்பும் வந்துவிட்டது. ஆனாலும் படத்திலிருக்கும் ஆள் சாய்ந்து விழப்போகிறவர்போல இருக்கிறார். ஓவியம் படிக்கிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். கிழிக்காதீர்கள். ஸ்கெட்ச் புக்கில் அதிகம் கற்றுத்தரும் பக்கம் அதுதான்.

ஆள் ஏன் சாய்கிறார்? உடல் எடையை ஒரு காலில் போட்டு, மறுகாலைத் தளர்த்தி நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எடை தாங்கும் பாதத்தையொட்டி இறங்கும். எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், தோள் தாழும். உங்கள் கோடு இதைத் தவறவிட்டிருக்கும். படத்தின் ஓரத்தில் எழுதுங்கள்: "வலது காலில் நிற்கிறார். பாதத்தை வெளியே தள்ளி வரைந்துவிட்டேன். நாளை முதலில் பாதம்." 'நன்றாக வரவில்லை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எங்கே, எதனால் என்று எழுதினால்தான் மறுநாள் கை திருந்தும். அன்றைக்கே எழுதுவதும் முக்கியம். ஒரு வாரம் போனால் பார்த்தது மறந்து, வரைந்தது மட்டுமே நினைவில் நிற்கும்.

தேர்ந்த ஓவியர்களும் இப்படி எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள், 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களைத் தாளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிக்கொண்டே இருந்தார். பல தாள்களின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் இருக்கின்றன. அவர் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை; இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை பார்த்தவர். காற்றின் போக்கை அறியாமல் மேகத்தை வரைய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே நாட்டில் இன்று ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வில், ஓவியப் பாடத்தின் 60 சதவீத மதிப்பெண் மாணவர் சேர்த்துவரும் படைப்புத் தொகுப்புக்குத்தான். ஸ்கெட்ச் புக்கும் அதில் சேரும். முடிந்த படத்தோடு, அதற்கு வந்து சேர்ந்த வழியையும் பார்க்கிறார்கள். இது நியாயமான முறை என்றே நினைக்கிறேன்.

விலையுயர்ந்த தாள் வேண்டாம். அது கையைத் தயங்க வைக்கும். பையில் அடங்கும் ஏடும் ஒரு 2பி பென்சிலும் போதும். இன்று வரைந்த பக்கத்தை எடுங்கள். தேதி போடுங்கள். எது சறுக்கியது என்று இரண்டு வரி எழுதிவிட்டு ஏட்டை மூடுங்கள்.