கைப்பேசியும் ஒரு குத்தூசிதான்

மூட்டை வந்து இறங்கியதும் குத்தூசியை விட்டு ஒரு கை துவரம்பருப்பை எடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஒரே மூலையில் குத்தினால் ஏமாந்துபோவோம் என்பது கடைப் பையனுக்கும் தெரியும். இதே வேலையை ஸ்மார்ட்போன்களை வைத்து ஊர் அளவில் இன்று செய்கிறார்கள்.

போனுக்குள் அசைவு, வெளிச்சம், இருப்பிடம் முதலியவற்றை அறியும் சென்சார்கள் உள்ளன. ஆயிரம் பேர் போனிலிருந்து இவ்விவரங்களைத் திரட்ட ஒவ்வொருவரும் புதிதாகப் புரோகிராம் எழுதினால் கட்டுபடியாகாது. அதற்கென ஆயத்தத் தொகுப்புகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2011-இல் வெளிவந்த ‘ஃபன்ஃப்’ அவற்றில் ஒன்று. அதில் சென்சாரைப் படிக்கும் பகுதிக்குப் பெயரே ‘புரோப்’, அதாவது நம் குத்தூசி! பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘அவேர்’ மற்றொன்று. எந்தச் சென்சாரை எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை படிப்பது என்று குறித்துவிட்டால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். விவரத்தைப் போனிலேயே சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும். லோடு சேர்ந்ததும் லாரி ஏற்றுகிற கணக்குத்தான். அடிக்கடி அனுப்பினால் பேட்டரி தீர்ந்துவிடும். போன்காரர் செயலியையே நீக்கிவிடுவார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர நிர்வாகம் 2012-இல் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்றொரு செயலியை வெளியிட்டது. கார் பள்ளத்தில் விழும் குலுக்கலைப் போன் பதிந்து, இடத்தோடு அனுப்பிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் சாக்கடை மூடி மேல் ஏறிய குலுக்கலும் பள்ளமாகவே வந்தது. ஸ்மார்ட்போன் அதிகமில்லாத ஏழைகளும் முதியோரும் வாழும் தெருக்களின் பள்ளங்கள் கணக்கில் வராமலே போகும் என்ற குறையும் எழுந்தது. மூட்டையின் ஒரே மூலையில் குத்திய கதை! நகர நிர்வாகம் தன் சாலை ஆய்வாளர்களின் வண்டிகளிலும் அதை ஓடவிட்டது, எல்லாத் தெருவுக்கும் அவர்கள் போகிறவர்கள் என்பதால்.

நம் கடைகளுக்கும் இது வந்தாயிற்று. கூகுள் வரைபடத்தில் சில கடைகளின் பெயரைத் தட்டினால் எந்த நேரத்தில் கூட்டம் என்று கோடுகள் தெரியும். இருப்பிடப் பதிவுக்குச் சம்மதித்த வாடிக்கையாளர்களின் போன்கள் தரும் கணக்கு அது. போதிய விவரம் சேராவிட்டால் கோடே வராது. பழைய போனோடு வரும் பாட்டிமார்களால் ஓடும் கடைக்குக் கோடு இல்லையென்றால், வியாபாரம் இல்லை என்று பொருளல்ல. கடை பிடிக்க வருகிறவர் அதைக் காட்டி விலை பேசினால் நம் பேரேட்டை எடுத்து வையுங்கள்.

பில் போடும் செயலியோ ஆர்டர் செயலியோ ‘இருப்பிடம் அனுமதிக்கவா?’ என்று கேட்டால், அவசரத்தில் சம்மதம் தட்டுகிறோம். சரக்கு கொண்டுபோகும் பையனின் போன் வழியே நம் வாடிக்கையாளர் வீடெல்லாம் வரிசையாகப் பதிந்துவிடலாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன விவரம், எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்த அனுமதியைப் பார்க்கலாம், திரும்பப் பெறலாம். கடை சாத்தியபின் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.